மின் சக்கர நாற்காலி ஓட்டப் பழக எது உதவும்: திரையா, ஹெட்செட்டா, உருளை மேடையா, நிஜ நாற்காலியா?

மின் சக்கர நாற்காலியைப் புதிதாக ஓட்டுபவர் பெரும்பாலும் இடிப்பது எதிரே தெரியும் சுவரில் அல்ல, தாண்டிவிட்டதாக நினைத்த கதவு நிலையில். கால்தட்டு வாசலைக் கடந்ததும் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்க்கிறார். பின்சக்கரம் இன்னும் நிலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. டொக்கென்று இடிக்கிறது. பதற்றத்தில் கை இறுகுகிறது, ஜாய்ஸ்டிக் இன்னும் சாய்கிறது, நாற்காலி நிலையை அழுத்திக்கொண்டே நிற்கிறது.

இந்த ஒரு இடிக்குள் மூன்று திறன்கள் இருக்கின்றன. எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு திரும்பும் என்ற கைப்பழக்கம் ஒன்று. தனக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நாற்காலி எதுவரை நீள்கிறது என்ற அளவுணர்வு இரண்டாவது. எந்த இடத்தில் திரும்பத் தொடங்குவது என்ற கணிப்பு மூன்றாவது. மெய்நிகர் பயிற்சி, அதாவது கணினி காட்டும் காட்சிக்குள் ஓட்டிப் பழகுவது, இந்த மூன்றையும் ஒரே அளவில் கற்றுத் தருவதில்லை. எதை வாங்குவது என்று யோசிக்கும் குடும்பமும் மறுவாழ்வு மையமும் படம் எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: ஓட்டப்போகிறவருக்கு இந்த மூன்றில் எது குறைகிறது? அவர் எந்த உறுப்பால் ஓட்டப்போகிறார்?

கையில் இருக்கும் வழிகள் நான்கு. கணினித் திரையும் ஜாய்ஸ்டிக்கும் வைத்து ஓட்டும் சிமுலேட்டர். அதையே, கண்களை மூடி அந்தக் காட்சியைச் சுற்றிலும் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓட்டுவது. சொந்த நாற்காலியை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, சக்கரம் சுழலச் சுழலத் திரையில் காட்சி நகரும்படி செய்வது. பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, நிஜ நாற்காலியில் நேரடியாகப் பழகுவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலானோருக்கு நிஜ நாற்காலியும் சாதாரணத் திரையும் சேர்ந்த வழியே போதும். ஹெட்செட் சில வேலைகளுக்கு மட்டும்தான், ஆனால் அந்த வேலைகளில் மற்ற மூன்றும் அதற்கு ஈடாகாது. உருளை மேடை, தினமும் பலர் வந்து பழகும் மையத்துக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் ஜாய்ஸ்டிக்

விளையாட்டுக் கருவியில் இருக்கும் கட்டைவிரல் குச்சியால் பழகியவருக்கு நிஜ நாற்காலியில் கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நாற்காலி ஜாய்ஸ்டிக்கின் தண்டு நீளம் வேறு, வில்லின் எதிர்ப்பு வேறு, பிடிக்கும் தசைகளே வேறு. கை நடுங்குபவருக்கும் மணிக்கட்டு மடங்கியே இருப்பவருக்கும் இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஆகவே சிமுலேட்டருக்குச் செலவிடும் முதல் பணம், யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணையும், நாற்காலியில் இருப்பதைப் போன்ற அளவுள்ள ஜாய்ஸ்டிக்குக்குப் போகட்டும். அவர் பயன்படுத்தப்போகும் கைப்பிடியையே அதிலும் மாட்டுங்கள்: உருண்டையோ, டி வடிவமோ, மணிக்கட்டைத் தாங்கும் கிண்ணமோ. கைத்தாங்கியிலிருந்து எத்தனை செ.மீ. முன்னால், எத்தனை செ.மீ. உள்பக்கமாக ஜாய்ஸ்டிக் இருக்கும் என்று அளந்து அதே இடத்தில் பொருத்துங்கள். மேசை மேல் வைத்துப் பழகினால் தோள் வேலை செய்யும். நாற்காலியில் வேலை செய்ய வேண்டியது முன்கை.

பொத்தான் சுவிட்சுகளால் ஓட்டப்போகிறவருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்காக 2018இல் வந்த விளையாட்டுக் கருவியான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர் நல்ல பாலம். அதன் பின்பக்கம் 3.5 மி.மீ. துளைகள் 19 இருக்கின்றன, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யூ.எஸ்.பி. வாயில்களும் உண்டு. நாற்காலியில் மாட்டப்போகும் சுவிட்சுகளையே அதில் செருகிப் பழகலாம்.

அடுத்த பிழை நடு மண்டலத்தில் வருகிறது. ஜாய்ஸ்டிக்கைச் சற்றே அசைத்தாலும் நாற்காலி நகராதிருக்க, நடுவில் ஒரு சிறு வட்டம் செயலற்றதாக வைக்கப்பட்டிருக்கும். யூ.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்கில் அப்படி ஒன்று, சிமுலேட்டர் மென்பொருளில் இன்னொன்று என இரண்டும் சேர்ந்தால், கொஞ்ச தூரம் சாய்த்தும் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று வண்டி பாயும். கற்பவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். ஒன்றைப் பூஜ்யமாக்கிவிட்டு மற்றதில் மட்டும் அளவை வையுங்கள். கூடவே, நாற்காலியை அமைத்துக் கொடுத்தவரிடம் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள முன்வேகம், பின்வேகம், திரும்பும் வேகம், வேகமெடுப்பு, வேகக்குறைப்பு, நடுக்கத் தணிப்பு ஆகிய எண்களைக் கேட்டு வாங்கி, சிமுலேட்டரில் மாற்ற முடிந்தவற்றை எல்லாம் அதற்கு ஒத்தபடி வையுங்கள். இவற்றை மாற்றவே இடம் தராத மென்பொருளை வாங்க வேண்டாம்.

சொந்த நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கையே பயன்படுத்தினால் என்ன? சில நாற்காலிகளில் அது புளூடூத் மவுஸாகவும் வேலை செய்யும். ஆனால் கணினிக்குப் போவது ஜாய்ஸ்டிக்கின் நிலை அல்ல, சுட்டியின் நகர்வு. மென்பொருள் அந்த நகர்வை வேகமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்ததாக இருந்தால் சரி, இல்லையென்றால் கை விட்ட பிறகும் வண்டி ஓடும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மவுஸ் நிலையிலிருந்து தவறுதலாக ஓட்டும் நிலைக்கு மாறினால், ஹெட்செட் மாட்டிக் கண் மறைந்திருக்கும் ஒருவருடன் 150 கிலோ நாற்காலி நிஜமாகவே நகர்ந்துவிடும். மோட்டார் பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிவைப்பது இதற்குத் தீர்வாகாது. பிரேக் இல்லாத நாற்காலி லேசான சரிவிலும் உருளும். நாற்காலியை அணைத்துவிட்டு, அதே இடத்தில் தனி ஜாய்ஸ்டிக்கைப் பிணைப்பதே பாதுகாப்பு.

நிற்பதும் திரும்புவதும்

திரையில் ஜாய்ஸ்டிக்கை விட்டதும் காட்சி அங்கேயே உறைந்துவிட்டால், அந்த சிமுலேட்டர் கற்றுத் தருவது தவறான பாடம். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகும் நாற்காலி, ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்ற அளவு குறைந்துகொண்டே வந்தால், நிற்பதற்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் எடுக்கும். 3 கி.மீ. வேகத்தில் அதுவே 35 செ.மீ.தான். கை விட முடிவெடுக்க அரை விநாடி ஆகிறது என்றால் 6 கி.மீ. வேகத்தில் இன்னும் 80 செ.மீ. சேரும். வாங்கும் முன் இதைச் சோதிக்கலாம்: சிமுலேட்டரில் ஒரு கோட்டை நோக்கி முழுவேகத்தில் ஓட்டி, கோட்டில் கையை விடுங்கள். வண்டி எவ்வளவு தூரம் தாண்டி நிற்கிறது என்று பாருங்கள். அதே சோதனையை நிஜ நாற்காலியிலும் செய்து ஒப்பிடுங்கள்.

திருப்பம், எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதைப் பொறுத்தது. பின்சக்கர ஓட்டத்தில் சுழலும் மையம் பின்னால் இருக்கும், முன்பகுதி அகலமாக வீசும். நடுச்சக்கர ஓட்டத்தில் உட்கார்ந்தவருக்குக் கீழேயே மையம் இருக்கும், முன்னும் பின்னும் எதிரெதிராக நகரும். முன்சக்கர ஓட்டத்தில் வளைவைக் கால்கள் எளிதாகக் கடந்துவிடும், ஆனால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பகுதி எதிர்ப்பக்கம் வீசி சுவரைத் தேய்க்கும். நடுச்சக்கர மாதிரியில் பழகிவிட்டு முன்சக்கர நாற்காலிக்குப் போகிறவர், முதல் நாளே பின்பக்கம் இடிப்பார். சிமுலேட்டரில் இந்த வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும், நாற்காலியின் நீள அகலங்களையும் கால்தட்டின் நீட்சியையும் பதிய முடிய வேண்டும்.

எந்தத் திரையாலும் ஹெட்செட்டாலும் தர முடியாத ஒன்று உண்டு: காஸ்டர் எனப்படும், தானே சுழலும் சின்னச் சக்கரங்களின் இழுப்பு. பின்பக்கமாக நகர்ந்து நின்ற பிறகு முன்னே போகத் தொடங்கினால், இந்தச் சக்கரங்கள் தலைகீழாகத் திரும்பியாக வேண்டும். அந்த அரைச் சுற்றில் நாற்காலி ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். தடித்த விரிப்பின் மேல் இழுப்பு இன்னும் அதிகம். லிஃப்டுக்குள் இப்படி ஒரு இழுப்பு வந்தால் பக்கத்தில் நிற்பவரின் கணுக்காலில் கால்தட்டு படும். அனுபவசாலி ஜாய்ஸ்டிக்கை மிக மெல்லத் தொட்டு, காஸ்டர் திரும்பிய பிறகே வேகம் எடுப்பார். அந்தத் தொடுகை உடம்பில் அசைவை உணர்ந்துதான் வரும். நிலைப்படியில் ஏறும் குலுக்கல், சாய்தளத்தின் நடுவில் நின்று மீண்டும் கிளம்புவது, ஈரத் தரையில் சக்கரம் வழுக்குவது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். இவற்றைச் சிமுலேட்டர் படமாகக் காட்டலாம், பழக்க முடியாது.

ஹெட்செட்டின் பலமும் தொல்லையும்

திரையின் பெரிய குறை, கோணம். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. அதை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் கண்ணுக்குக் கிடைப்பது 53 டிகிரி மட்டுமே. கதவு நிலை நெருங்கும்போது இரண்டு ஓரங்களும் திரைக்கு வெளியே போய்விடும், தன் கால்தட்டும் தெரியாது. இதைச் சமாளிக்க மென்பொருள் 90 டிகிரிக் காட்சியை அந்தச் சின்னத் திரைக்குள் அடைத்தால், இடைவெளிகள் இழுபட்டுத் தெரியும், வேகமும் கூடுதலாகத் தோன்றும். மூன்று திரைகளை வளைத்து வைத்தால் 150 டிகிரி வரை கிடைக்கும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவும் முடியும். இடமிருந்தால் அதுவே நல்ல வழி.

ஹெட்செட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. குனிந்தால் கால் தெரியும், திரும்பினால் பின்னால் வருபவர் தெரிவார். சாலை கடக்கப் பழகுவதற்கு இதுவே முதல் தேர்வு. 7 மீட்டர் அகலச் சாலையை மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆகும். கிளம்பும் தாமதத்தைச் சேர்த்தால் 8 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். வலதும் இடதும் பார்த்து, வரும் வண்டிக்கும் தனக்கும் நடுவே 8 விநாடி இருக்கிறதா என்று கணிக்கும் பாடத்தை நிஜச் சாலையில் தவறவிட்டுக் கற்க முடியாது. பக்கவாதத்துக்குப் பின் ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுபவருக்கும் ஹெட்செட் உதவும். அந்தப் பக்கமே தலையைத் திருப்பித் தேட வேண்டிய நிலையை அது உருவாக்குகிறது. எத்தனை முறை திரும்பினார் என்று பயிற்சியாளர் வெளித்திரையில் எண்ணலாம்.

இனி தொல்லைகள். மெட்டா குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டின் எடை 515 கிராம், அதில் பெரும்பகுதி முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. தசைச்சிதைவு நோயில் கழுத்து தளர்ந்தவருக்கு இது 5 நிமிடத்துக்கே பாரம். பின்பக்கம் கெட்டியான வளையம் உள்ள பட்டை, நாற்காலியின் தலைத்தாங்கியில் முட்டித் தலையை முன்னே தள்ளும். அதற்கு மென்பட்டையே நல்லது. தலையால் தாங்கியின் பட்டைகளை அழுத்தி ஓட்டுபவரும், தாடையால் ஜாய்ஸ்டிக்கை அசைப்பவரும், மூச்சுக்கருவியின் முகமூடி அணிந்தவரும் ஹெட்செட்டைக் கிட்டத்தட்ட மறந்துவிடலாம்: அவர்கள் ஓட்டப் பயன்படுத்தும் இடத்தையே அது அடைத்துக்கொள்கிறது. வலிப்பு வரலாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். குவெஸ்ட் 3இல் 58 முதல் 71 மி.மீ. வரை சக்கரத்தைத் திருகிச் சரிசெய்யலாம். அதற்குக் குறைவான இடைவெளி உள்ள குழந்தைக்குப் படம் மங்கலாம், கண் வலிக்கலாம்.

குமட்டலைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கண் "நகர்கிறேன்" என்கிறது, உள்காது "இல்லை" என்கிறது, அந்த முரண்பாட்டில் தலை சுற்றுகிறது. நேரே போவதைவிடத் திரும்புவதே மோசம். முதல் அமர்வில் நேர்ப்பாதை மட்டும், அதுவும் 5 நிமிடம். இரண்டாவதில் அகன்ற வளைவு. இடத்திலேயே சுழல்வது நாலாவது, ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு. திரும்பும் வேகத்தை விநாடிக்கு 30 டிகிரிக்குள் வையுங்கள், படம் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே (விநாடிக்கு 72 முறைக்கும் குறைவாகப் புதுப்பிக்கும்படி) இறங்கும் கணினியில் ஓட்டாதீர்கள். குமட்டலைக் குறைக்க, திரும்பும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. நாற்காலிப் பயிற்சிக்கு அது எதிரி, ஏனென்றால் கற்பவர் பார்க்க வேண்டிய கதவு நிலை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை "0 முதல் 10 வரை எவ்வளவு சங்கடம்?" என்று கேளுங்கள், 4 என்றால் கழற்றிவிடுங்கள். பேச முடியாதவரிடம் முகம் வெளிறுவது, வியர்ப்பது, அடிக்கடி விழுங்குவது, கொட்டாவி ஆகியவற்றைக் கவனியுங்கள். கழற்றிய பின் தலைசுற்றல் முழுதும் தெளியும்வரை நிஜ நாற்காலியை ஓட்டவிட வேண்டாம்.

இன்னொரு குறை நுட்பமானது. மெய்நிகர் காட்சியில் தூரம் பொதுவாக உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். 65 செ.மீ. அகல நாற்காலி 80 செ.மீ. வாசலில் நுழையும்போது பக்கத்துக்கு 7.5 செ.மீ. மிச்சம். 5 டிகிரி கோணம் தவறினாலே 1 மீட்டருக்குள் கிட்டத்தட்ட 9 செ.மீ. விலகிவிடும். இப்படி நெருக்கமான வேலைகள் சிமுலேட்டரில் நிஜத்தைவிடக் கடினமாகவே இருக்கும். அதனால் அங்கே 80 செ.மீ. வாசலில் தோற்றவரை "இன்னும் தயாரில்லை" என்று நிறுத்திவைப்பது அநியாயம். சிமுலேட்டரில் 110 செ.மீ. வாசலில் தொடங்கி 95 வரை குறைத்தால் போதும், மிச்சத்தை நிஜக் கதவில் பாருங்கள்.

உருளை மேடை

நாற்காலியின் சொந்த மோட்டாரும் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இங்கே வேலை செய்வதால், கையின் அசைவுக்கும் சக்கரத்தின் பதிலுக்கும் இடையிலான தாமதம் அப்படியே நிஜம். மற்றபடி பராமரிப்பு அதிகம். நாலு மூலையிலும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், ஒன்று தளர்ந்தாலும் நாற்காலி உருளையிலிருந்து ஏறி வெளியே வரும். உருளைக்குக் கனம் போதாவிட்டால் சக்கரம் சுமையில்லாமல் பறக்கும், அதற்குச் சுழல்சக்கரம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நேராக ஓடுவதற்கென்று ஜைரோ என்ற, திருப்பத்தை உணரும் கருவி பொருத்திய நாற்காலியை ஏற்றும்போது விசித்திரமாக ஒன்று நடக்கும். நாற்காலி கட்டப்பட்டிருப்பதால் திருப்பமே நிகழவில்லை என்று ஜைரோ சொல்லும், கட்டுப்பாட்டுப் பெட்டி மேலும் மேலும் திருப்பும். மேடையில் ஏற்றுமுன் ஜைரோவை அமைப்பில் அணைத்துவைத்து, இறக்கியதும் மீண்டும் இயக்க மறக்கக் கூடாது. நடுச்சக்கர நாற்காலிகள் பல மேடைகளில் சரியாக உட்காருவதும் இல்லை.

நிஜ நாற்காலியில் தொடங்கவேண்டியவர்கள்

சின்னக் குழந்தைகளுக்கும், காரணமும் விளைவும் இன்னும் பிடிபடாதவர்களுக்கும் திரை வேண்டாம். "நான் அசைத்தேன், நான் நகர்ந்தேன்" என்ற உணர்வு உடம்பு நகர்ந்தால்தான் வரும். லிஸ்பெத் நில்சனும் ஜோசஃபின் டர்கினும் உருவாக்கிய ஏ.எல்.பி. என்ற அளவுகோல் இந்தக் கற்றலை 8 கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. தொடக்கக் கட்டங்களில் இருப்பவர் எங்கே போகிறார் என்பதே முக்கியமில்லை, அசைவைக் கண்டுகொள்வதுதான் பாடம்.

இதற்கு வேண்டியவை எளிமையானவை: தடையில்லாத 6 மீட்டருக்கு 6 மீட்டர் கூடம், மணிக்கு 1.5 முதல் 2 கி.மீ. வரை கட்டுப்படுத்திய வேகம், உதவியாளர் கையில் ஒரு தனிக் கட்டுப்பாடு அல்லது நிறுத்தும் பொத்தான், கால்தட்டைச் சுற்றி நுரை, சுவர்களுக்குப் பதிலாகக் காலி அட்டைப் பெட்டிகள். பெட்டியில் இடித்தால் சத்தம் வரும், பெட்டி நகரும், யாருக்கும் அடிபடாது. எந்தப் பெட்டி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்தே அவருக்கு அளவுணர்வு எங்கே குறைகிறது என்று சொல்லிவிடலாம்.

சேர்த்துப் பழகும் முறை

கையில் நாற்காலி வரச் சில மாதங்கள் காத்திருப்பவருக்குத் திரை சிமுலேட்டர் உண்மையில் பயன்படும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம். இடித்த எண்ணிக்கையோடு இன்னொன்றையும் குறியுங்கள்: ஒரே நேர்ப்பாதையில் ஜாய்ஸ்டிக்கை எத்தனை முறை இடம்வலமாகத் திருத்தினார். கை பழகப் பழக அந்த எண் குறையும், இடிப்பது நிற்பதற்கு முன்பே அது தெரியும். இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால், முதலில் உட்காரும் நிலையையும் ஜாய்ஸ்டிக் இருக்கும் இடத்தையும் சந்தேகியுங்கள். இடுப்பு சரிந்து உட்கார்ந்தவரின் கை, ஜாய்ஸ்டிக்கை ஓட்டாது. அதைப் பிடித்துத் தொங்கும்.

நாற்காலி வந்ததும் நாட்களில் பெரும்பாலானவை அதற்கே. திரை, மறுநாள் போகப்போகும் பாதையை ஒத்திகை பார்க்க மட்டும். சாலை கடப்பதும் கூட்டத்தில் போவதும் ஹெட்செட்டில் 10 நிமிடம், பிறகு வேறொரு நாள் பயிற்சியாளர் துணையுடன் அமைதியான தெருவில். முன்னேற்றத்தை அளப்பது எப்போதும் நிஜ நாற்காலியில்தான். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் உருவான வீல்சேர் ஸ்கில்ஸ் டெஸ்ட்டில் மின் நாற்காலிக்கென்றே ஒரு பதிப்பு இருக்கிறது. ஒவ்வொரு திறனையும் தனித்தனியாக மதிப்பிடுவதால், எதைத் திரைக்கு அனுப்புவது, எதைத் தரையில் வைத்துக்கொள்வது என்று பிரிக்க அதன் பட்டியல் கைகொடுக்கும்.

நோய் கூடிக்கொண்டே போகும் நிலையில் இருப்பவருக்கு இந்தத் திரை இன்னொரு விதத்திலும் தேவைப்படும். கை தளர்ந்து ஜாய்ஸ்டிக்கை விட்டுத் தாடைக்கோ சுவிட்சுக்கோ மாற வேண்டிய நாள் வருமுன், கை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, புதிய கட்டுப்பாட்டைத் திரையில் வாரம் ஒருமுறை பழகிப் பார்க்கலாம். எது ஒத்துவருகிறது, எந்த இடத்தில் பொருத்தினால் களைப்பு குறைகிறது என்று தெரிந்த பிறகு நாற்காலியில் மாற்றினால், மாற்றிய அன்றே அவர் அடுத்த அறைக்குத் தானாகப் போய்வர முடியும்.